பானுமதியின் கடற்கரைக் கட்டுரை

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில், எங்கள் சென்றாயன் சித்தப்பாவிடம் யாராவது தெரியாத்தனமாக "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டுவிட்டால் போதும். அவருடைய டீ ஆறிப்போகும். கேட்டவருடைய டீயும் சேர்ந்து ஆறிப்போகும்.

"எம்பொண்ணு பிரெஞ்சு படிச்ச புள்ளைங்க. இருநூத்துக்கு நூத்துத் தொண்ணூத்தெட்டு. பாண்டிச்சேரில இருக்கறவன்கூட அந்த மார்க்கு எடுத்திருக்க மாட்டான்."

பாண்டிச்சேரிக்காரன் எவ்வளவு எடுத்தான் என்று இவர் எங்கே போய்ப் பார்த்தார்? ஆனால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். வேறு எந்தப் பாடமாக இருந்தாலும் நாலு பேர் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். பிரெஞ்சைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன தெரியும்? அவர் சொன்னதுதான் சட்டம்.

நான் அவருக்கு அடுத்த வீட்டுப் பெண், பங்காளி முறை. பானுமதியும் நானும் மாரண்டஹள்ளியில் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். தமிழ்வழிப் படிப்புதான். பானுமதி அப்போதே வாயாடி. பேச்சுப்போட்டி என்றால் வகுப்பில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். எழுதி வைத்ததைப் பார்த்துப் பேச மாட்டாள். மேடையில் ஏறி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசுவாள். தலைமையாசிரியரையே கிண்டல் செய்து அவரையே சிரிக்க வைத்தவள் அவள். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேச வராத பெண் இல்லை அவள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததும் தர்மபுரிப் பக்கம் இருந்த ஒரு ஹாஸ்டல் பள்ளியில் இருந்து ஆட்கள் வந்தார்கள். பாதிக் கட்டணம் என்றார்கள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டு வண்டியில் போனவரைக் காரில் ஏற்றி உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. சேர்க்கும்போது அந்தப் பள்ளி அலுவலகத்தில், "மொழிப்பாடம் பிரெஞ்சு போட்டுக்கலாமுங்க" என்றார்கள். தமிழுக்குச் செய்யுள், இலக்கணம், துணைப்பாடம் என்று நாளெல்லாம் படிக்க வேண்டும், பிரெஞ்சுக்கு ஒரு சின்ன கைடு போதும், மிச்சமாகிற நேரத்தைக் கணக்குக்கும் வேதியியலுக்கும் போடலாம் என்று விளக்கினார்கள். பானுமதி மட்டும், "தமிழ்லயே படிக்கறனேங்க" என்று ஒரு தடவை சொன்னாளாம். சித்தப்பா அவளைப் பார்த்த பார்வையில் அடுத்த தடவை சொல்லவில்லை.

அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு என்று ஒன்று கிடையாது. அறிவிப்புப் பலகையில் இருக்கும், வருகைப் பதிவில் இருக்கும், வகுப்பில் இருக்காது. சேர்ந்த நாளில் இருந்தே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துவார்கள். அரசுத் தேர்வு அதற்குத்தானே? இரண்டு வருடமும் அதையே அரைத்து அரைத்து ஊற்றினால் மார்க் கொட்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெரிய ஹாஸ்டல் பள்ளிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். ஊருக்கே தெரியும், பெருமையாகவே சொல்லுவார்கள்.

கணக்கில் இதைச் செய்தால் எப்படியோ சமாளித்துவிடலாம். பிரெஞ்சில் என்ன ஆகும்? வணக்கம் சொல்வது, பெயர் கேட்பது, பசிக்கிறது, தண்ணீர் வேண்டும், வழி எங்கே, இதெல்லாம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தை யாரும் பிரிக்கவே இல்லை. பானுமதியின் வகுப்பு நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்குள் குதித்தது. சுற்றுச்சூழல் மாசு பற்றிக் கட்டுரை, நண்பனைத் திருவிழாவுக்கு அழைத்துக் கடிதம், கடற்கரையில் கழித்த விடுமுறை. எல்லாமே கைடில் இருந்தன. அப்படியே மனப்பாடம் செய்தார்கள்.

பிரெஞ்சு சார் பெயர் சவுரியப்பன். நல்ல மனுஷர். வாரத்தில் இரண்டு நாள் வருவார், அதிலும் ஒரு நாளை இயற்பியல்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரு நாள் பானுமதி எழுந்து நின்று, "சார், பசிக்குதுன்னு பிரெஞ்சுல எப்பிடிங்க சார் சொல்றது?" என்று கேட்டிருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பு அது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"அது லெவன்த் புக்குல வரும்மா. எக்ஸாமுக்கு வராது. நீ கடற்கரையப் படி."

இதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று பானுமதி சொல்லுவாள். அவருக்கு மட்டும் ஆசையா? போர்ஷனை முடிக்காவிட்டால் அவருக்கு வேலை போய்விடும்.

தேர்வில் கடற்கரையே வந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்காரர்கள் பேனர் வைத்தார்கள். இரட்டைச் சடை போட்ட பானுமதியின் படம், பக்கத்தில் பிரெஞ்சு என்று கொட்டை எழுத்தில். மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, கடைசியில் யாரோ தக்காளிப் பந்தலுக்கு நிழல் கட்டக் கழற்றிக்கொண்டு போகும் வரை அது அங்கே இருந்தது. நான் தினமும் அதன் கீழே நின்றுதான் பஸ் ஏறினேன். பொறாமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அவள் இன்ஜினியரிங் படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனாள். நான் பாலக்கோட்டில் உரக்கடையில் பில் போடப் போனேன். பிரெஞ்சு அவளுக்கு மறந்துபோனது. கடற்கரைக் கட்டுரை மட்டும் மறக்கவில்லை. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் கடகடவென்று ஒப்பிப்பாள். எனக்கே முதல் இரண்டு வரி வந்துவிட்டது என்றால் பாருங்கள்.

அப்படி இருக்கும்போது வந்ததுதான் மாதவராஜ் சம்பந்தம். பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம், ஒரே பையன். கனடாவில் படித்துவிட்டு ரொறொன்ரோ பக்கம் வேலையில் இருந்தான். அங்கேயே தங்குவதற்கு நிரந்தர அனுமதி வேண்டும், அதற்குப் படிப்பு, வயது, மொழி என்று அவர்கள் போடுகிற புள்ளிகள் போதவில்லை. அங்கே ஒரு ஏஜென்ட், மனைவிக்கு பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தால் அவள் பெயரில் விண்ணப்பித்து இரண்டு பேருமே தங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். தர்மபுரி மாவட்டத்தில் பிரெஞ்சு தெரிந்த பெண்ணுக்கு எங்கே போவது? தரகர் நேராக மண்டிக்கு வந்தார். மீதியைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார்.

பெண் பார்க்க வருகிற அன்று காலையில் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பேச வராதுடி. ஒரு வார்த்த வராது."

"அத உங்கப்பாகிட்ட சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்ற?"

சொன்னாள். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். "அப்பா, எனக்கு பிரெஞ்சு எழுதத்தாம்ப்பா தெரியும். பேசத் தெரியாது."

சித்தப்பா புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சின்னப் பிள்ளை பயத்தில் உளறுகிறது என்றுதான் நினைத்தார்.

"நூத்துத் தொண்ணூத்தெட்டு வாங்கனவளுக்குத் தெரியாதுன்னா, வேற யாருக்குத் தெரியும் கண்ணு? சும்மா இரு."

அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? தராசில் நிறுத்து விலை போட்டால் அது சரக்கு என்று நம்பி வாழ்ந்தவர். மார்க் போட்டது அரசாங்கம். அரசாங்கம் பொய் சொல்லுமா என்பது அவர் கணக்கு.

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தால் பாட்டுப் பாடச் சொல்லுவார்களாம். பானுமதியை பிரெஞ்சு பேசச் சொன்னார்கள். காபி டம்ளரை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா ராமக்காள்தான் கேட்டார். "ரெண்டு வார்த்த பேசு கண்ணு. பையன் போன்ல பாக்கறான்." மாதவராஜ் வீடியோ அழைப்பில் இருந்தான். அங்கே இன்னும் விடியவில்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தான். பார்க்க நல்ல முகம்.

நான் கதவோரம் நின்று பானுமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வராது என்று சொல்ல அது ஒரு தருணம். வீடு நிறைய ஆட்கள். சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்து கடற்கரைக் கட்டுரையை ஆரம்பித்தாள்.

முழுவதும் ஒப்பித்தாள். எங்கேயும் தடுக்கவில்லை. முடித்ததும் வீடே கைதட்டியது. போனுக்குள் இருந்த மாதவராஜும் தட்டினான். "என்ன பேசுனிங்க?" என்று கேட்டான்.

"கடற்கரைக்குப் போனதப் பத்திங்க."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரு நாளு போயிடலாம்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பானுமதிக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதுதான் பெரிய சிக்கல். பிடிக்காமல் இருந்திருந்தால் பிறகாவது எப்படியாவது சொல்லியிருப்பாள்.

கல்யாணம் முடிந்து அவன் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினான். அவள் வேலையை விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்கு வந்தாள். சென்னையில் பிரெஞ்சுத் தேர்வுக்குப் பணம் கட்டி நாள் வாங்கினார்கள். சித்தப்பாதான் கூடப் போனார். தேர்வு மையத்தின் வாசலில் கட்டுச்சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்து, மெதுவாக, கனிவாகத்தான் ஏதோ கேட்டிருக்கிறார். பிறகு பாடம் படித்தபோதுதான் அது என்ன கேள்வி என்று பானுமதிக்குத் தெரிந்தது. "எந்த ஊரில் இருந்து வருகிறீர்கள், உங்கள் ஊர் எப்படி இருக்கும்?" அவ்வளவுதான். சவுரியப்பன் சாரைத் தவிர வேறு ஆள் வாயில் பிரெஞ்சைக் கேட்டதில்லை அவள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வாய் சும்மா இருக்க முடியாமல் கடற்கரையை ஆரம்பித்தது. பாதியில் அந்த அம்மாள் நிறுத்தி இன்னொரு கேள்வி கேட்டார். மனப்பாடம் செய்தவர்களுக்குப் பாதியில் விட்டால் பாதியில் இருந்து தொடர முடியாது. பானுமதி திரும்ப முதல் வரியில் இருந்து ஆரம்பித்தாள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது பானுமதி அழுதாள். "நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம்டி, அவங்க நிறுத்தச் சொல்லவே இல்ல," என்றாள்.

முடிவு வந்தது, தேறவில்லை. மாதவராஜ் போனில் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பதட்டமா இருந்திருக்கும். அடுத்த தடவ பாத்துக்கலாம் பானு." அவள் "ஆமாங்க, பதட்டந்தாங்க" என்றாள். இரண்டாவது முறையும் உண்மையை விழுங்கிவிட்டாள். திட்டியிருந்தால் சொல்லியிருப்பாள் என்பது என் எண்ணம். அன்பாகப் பேசுகிறவனிடம் எதைச் சொல்ல முடிகிறது?

அதற்குப் பிறகுதான் அவள் பிரெஞ்சு படித்தாள். எங்கேயோ நம்பர் பிடித்து சவுரியப்பன் சாரைக் கூப்பிட்டாள். அவர் பள்ளி வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. இவள் விஷயத்தைச் சொன்னாள், அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "லெவன்த் புக்குல மொதல் பாடத்துல இருந்து ஆரம்பிம்மா," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆரம்பித்தாள். பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்தாள். அப்புறம் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தக்காளிச் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டே பேசுவாள். மாட்டிடம் பேசுவாள், மோட்டார் ரூமில் நின்று பேசுவாள். ராமக்காள் அக்கம்பக்கத்தில், "மருமவ படிக்கறா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று காவல் இருந்தார். நான் போனபோதெல்லாம் ஏதாவது சொல்லிக் காட்டுவாள். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனால் வித்தியாசம் தெரிந்தது. கட்டுரை ஒப்பிக்கும்போது அவள் பார்வை எங்கோ சுவரில் இருக்கும். இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். நடுவில் நின்று, யோசித்து, தப்பாகச் சொல்லி, தானே சிரித்துத் திருத்திக்கொண்டாள். பத்தாம் வகுப்பு மேடையில் நின்ற அந்த வாயாடி திரும்ப வந்துவிட்டாள். அவளுக்கு அந்த மொழி பிடித்துப்போனது. "இத பதினஞ்சு வயசுலயே ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்டி," என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நல்ல மாணவியின் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டு, கையில் ஒரு கட்டுரையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு பேனர் வேறு.

ஆனால் ஒரு மொழி வருவதற்கு அதன் காலம் ஆகும். மாதவராஜின் வேலை அனுமதி அதுவரை காத்திருக்குமா? காலாவதி ஆனது. போன மழைக்காலத்தில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தான். வந்த கொஞ்ச நாளில் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன. பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும், நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும். ஒரே பையன் எங்கே போவான்?

இதற்கு நடுவில் பானுமதி சென்னைக்குத் தனியாகப் போய்த் திரும்பவும் தேர்வு எழுதினாள். இந்த முறை எதிரே இருந்தவரோடு தன் ஊரைப் பற்றிப் பேசினாளாம். தக்காளி விலை விழுந்தால் சாலையோரம் கொட்டுவார்கள் என்று சொல்லி, அவர் ஏன் என்று கேட்க, இவள் விளக்க, நேரம் போனதே தெரியவில்லையாம். முடிவு போனுக்கு வந்தது. எல்லாப் பகுதியிலும் தேறியிருந்தாள், கனடாவுக்குத் தேவையானதற்கு மேலேயே. அவள் களத்துக்கு ஓடிப் போய்க் காட்டினாள். மாதவராஜ் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் பாலக்கோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். திரையைப் பார்த்தான்.

"சந்தோசம் பானு. பெரிய விசியம்." பைக்கை உதைத்தான். "இனி நமக்கெதுக்கு? அப்பாவ வுட்டுட்டு எங்க போறது?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான்.

போன வாரம் நடந்ததைப் பானுமதி என்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வயலோரம் இரண்டு பேரும் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழுத்தது ஒரு பெட்டி, செங்காய் ஒரு பெட்டி. மண்டியில் விலை நன்றாக இருந்ததால் மாதவராஜ் ரொம்ப நாள் கழித்துக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தான். திடீரென்று, "பானு, பொண்ணு பாக்கறப்ப பேசுனியே, அந்த மாதிரி பிரெஞ்சுல ஏதாச்சும் பேசேன். கேட்டு எத்தன நாளாச்சு?" என்றான்.

அவள் கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள், பிரெஞ்சில். என்ன பேசினாள் என்பதை என்னிடம் தமிழில் சொன்னாள்.

"அன்றைக்கு நான் பேசியது என் பேச்சு இல்லை. ஒரு புத்தகத்தில் இருந்தது. அதற்கு எனக்கே முழுதாக அர்த்தம் தெரியாது. எனக்குப் பேச வராது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் வேறு வழி பார்த்திருப்பீர்கள். நீங்கள் அங்கே என்னை நம்பிக் காத்திருந்தீர்கள், நான் இங்கே பசிக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதைத் தமிழில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்."

ஒரு தப்புகூட இல்லை என்று சொன்னாள். அவள் வாழ்க்கையில் பேசியதிலேயே நல்ல பிரெஞ்சு அதுவாகத்தான் இருக்கும்.

மாதவராஜ் கடைசி வரை கேட்டான். பிறகு தக்காளிச் சாறு பட்ட கைகளை வேட்டியில் துடைத்துவிட்டுக் கைதட்டினான்.

"அதேதான? கடற்கரைக்குப் போனது?"

"ஆமாங்க," என்றாள் பானுமதி.

"பாரு, ஒரு வார்த்த மறக்கல நீ," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த பெட்டியை இழுத்துப் போட்டான்.